திட்டு வாங்கத் தெரிந்தவர்கள்

வில்லன்களைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, வில்லனைத் திட்டுகிற சாக்கில் சொந்தக்காரர்களைத் திட்டியிருக்கின்றன. அதனால் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். குடும்பங்கள் நன்றாக இருக்கட்டும்.

கே: ஒரு வில்லன் பாத்திரம் பிரமாதமாக எழுதப்பட்டிருந்தால் நாம் அதை ரசிக்கத்தானே வேண்டும்? ஏன் வயிறு எரிகிறது? – கல்லூரி மாணவி, சேலம்

ப: வயிறு எரிவதுதான் ரசனை. மோசமாக எழுதப்பட்ட வில்லனை யாரும் வெறுப்பதில்லை. அவன் வரும்போது பாப்கார்ன் வாங்க எழுந்து போகிறார்கள். "இவன் நல்லா இருப்பானா?" என்று ஒரு பெரியம்மா சோபாவில் உட்கார்ந்தபடியே சாபம் கொடுக்கிறார் என்றால், எழுதியவருக்கு அன்றைய சம்பளம் செரித்துவிட்டது என்று அர்த்தம்.

கே: நகரத்தையே குண்டு வைத்துத் தகர்ப்பவனுக்குத் தியேட்டரில் விசில். மருமகளின் செல்போனைப் பிடுங்கி வைப்பவனுக்கு வீட்டில் சாபம். இதென்ன நியாயம்? – மதுரை

ப: தொல்காப்பியரைக் கூப்பிடுவோம். மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நந்நான்கு காரணங்களை அடுக்குகிறார் மனிதர். வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, அவர் சொல்லும் நான்கு: உறுப்பை அறுப்பது, ஒருவரைச் சார்ந்தவர்களுக்குக் கேடு செய்வது, அடித்தும் வைதும் அலைக்கழிப்பது, கொல்வது. கொலையையும் அலைக்கழிப்பையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டார், பாருங்கள். வியப்புக்கும் நான்கு உண்டு. அதில் புதுமையும் பெருமையும் வருகின்றன.

விசில் வாங்கும் வில்லன்கள் எல்லாம் வியப்புக் கணக்கில் வருகிறவர்கள். 'பாட்ஷா'வின் (1995) மார்க் ஆண்டனியை எடுத்துக்கொள்ளுங்கள். ரகுவரனின் அந்த உயரம், அவசரமே இல்லாத அந்தக் குரல். அவன் செய்யும் கொலைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் நம் தெருவில் யாரையும் மார்க் ஆண்டனி வந்து கொன்றதில்லை. பம்பாய் தாதா நமக்கு ஒரு வேடிக்கை. செல்போனைப் பிடுங்குகிறவன் அப்படியா? அவனை நமக்குத் தெரியும். சில வீடுகளில் அதே சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்து அவனும் சேர்ந்து சீரியல் பார்க்கிறான்.

இது நம் ஊர் விவகாரம் மட்டுமல்ல. ஹாரி பாட்டர் கதையில் வால்டமார்ட் ஹாரியின் பெற்றோரைக் கொன்றவன், உலகத்தையே பிடிக்கப் பார்க்கிறவன். ஆனால் படித்த பிள்ளைகளிடம் யாரை அதிகம் வெறுக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். பலரும் டோலரஸ் அம்ப்ரிட்ஜைத்தான் சொல்வார்கள். ஐந்தாம் புத்தகத்தில் (2003) வரும் டீச்சர். இளஞ்சிவப்பு உடை, அறைச் சுவரெல்லாம் பூனைக்குட்டி படம் போட்ட தட்டுகள், தேன் வழியும் குரல். தண்டனையாக ஹாரியை இம்போசிஷன் எழுதச் சொல்கிறாள். மை கிடையாது. எழுத எழுத அந்த வாக்கியம் பையனின் புறங்கையில் கீறலாக விழுகிறது, தாளில் இறங்குவது அவனுடைய ரத்தம். அப்போது அவள் குரலை உயர்த்துவதே இல்லை. ஹானிபல் லெக்டருக்குப் பிறகு வந்த மிகச் சிறந்த கற்பனை வில்லன் இவள்தான் என்று ஸ்டீபன் கிங்கே எழுதினார். பேய்க்கதை எழுதிப் பிழைத்த ஆள் அவர். எதற்கு வேர்க்கும் என்று அவருக்குத் தெரியாதா? வால்டமார்ட் மாதிரி ஓர் ஆளை வாழ்க்கையில் சந்தித்தவர்கள் குறைவு. அம்ப்ரிட்ஜிடம் படிக்காதவர்கள் அதைவிடக் குறைவு.

கே: 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனை இரண்டு வருடம் திட்டித் தீர்த்தேன். மாரிமுத்து இறந்த அன்று சாப்பிடவே பிடிக்கவில்லை. எனக்கு என்ன ஆயிற்று? – இல்லத்தரசி, தஞ்சாவூர்

ப: ஒன்றும் ஆகவில்லை. தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகளில் அன்றைக்கு அதே நிலைமைதான்.

2023 செப்டம்பர் 8 காலையில் அந்தத் தொடருக்கே டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைக்குப் போயும் காப்பாற்ற முடியவில்லை. 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று இரண்டு படங்களை இயக்கியவர். ஆனால் தெருவில் பார்த்தவர்கள் அவரை நிறுத்தியது குணசேகரனுக்காகத்தான்.

அந்தப் பாத்திரத்தின் வெற்றி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குணசேகரன் கத்தியோடு அலைகிறவன் இல்லை. படித்த பெண்களாகப் பார்த்து வீட்டுக்கு மருமகள்களாகக் கொண்டுவந்து சமையற்கட்டில் நிறுத்துகிறவன். அப்பத்தாவின் சொத்துப் பங்கு கைவிட்டுப் போய்விடுமோ என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போடுகிறவன். தான் கெட்டவன் என்று ஒரு நொடிகூட அவனுக்குத் தோன்றாது. குடும்ப மானத்தைத் தன் ஒருவன் தலையில் சுமப்பதாக மனதார நம்புகிறான். அந்தப் பாரத்துக்காக வீட்டுப் பெண்கள் தனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறான். இதை மாரிமுத்து தேனிப் பக்கத்து இழுவையோடு, வேட்டி மடிப்பில் கைவைத்தபடி, சிரிப்பும் வரும்படி பேசினார். சிரித்த கையோடு, 'அடடா, இதே மாதிரித்தானே எங்க பெரியப்பா' என்று தோன்றிற்று. அங்கேதான் கொதித்தது.

நீங்கள் திட்டியது பெரியப்பாவை. அழுதது மாரிமுத்துவுக்காக. இரண்டு கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

அவருக்குப் பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். ஒரு வில்லன் நாற்காலி காலியாகி, அதில் இன்னொருவர் உட்காருவதை ரசிகர்கள் ஏற்றுக்கொள்ளச் சங்கடப்பட்டது, நம் தொலைக்காட்சியில் அபூர்வமான காட்சி. கதாநாயகிகள் 'இவருக்குப் பதில் இவர்' என்று வரும்போது நாம் அவ்வளவு கவலைப்படுவதில்லை.

கே: பி.எஸ். வீரப்பா ஏன் அப்படிச் சிரித்தார்? – பெரம்பலூர்

ப: கதாநாயகனுக்கு எத்தனை பாட்டு இருக்கிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருப்பார்கள்.

கே: எம்.என். நம்பியார் நிஜத்தில் பரம சாதுவாமே? – காரைக்குடி

ப: ஆமாம். மது இல்லை, புகை இல்லை, அசைவம் இல்லை. ஆண்டு தவறாமல் சபரிமலைக்குப் போய்க்கொண்டிருந்த மகா குருசாமி. சின்ன வயதிலேயே நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து தொழில் கற்றவர். கையைப் பிசைந்துகொண்டு அவர் கண்ணை உருட்டினால், எம்.ஜி.ஆருக்கு ஆபத்து என்று கிராமத்துக் கிழவிகள் பதறிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. எம்.ஜி.ஆரின் செல்வாக்கில் நம்பியாருக்கு ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி. அடிக்கத் தகுதியான ஆள் எதிரில் இல்லாமல் எவ்வளவு நேரம்தான் ஒருவர் காற்றில் வாள் வீச முடியும்?

கே: வில்லனுக்கும் ஒரு நியாயத்தைக் கொடுத்துவிட்டால் வெறுப்பு குறைந்துவிடாதா? – கூத்துப் பிரியன், விழுப்புரம்

ப: குறையாது. வெறுப்புக்கு ஆழம் வரும்.

கம்பன் கூனிக்கு ஒரு காரணம் கொடுக்கிறான். சிறுவயதில் ராமன் வில்லில் மண்ணுருண்டையை வைத்து அவள் முதுகில் அடித்தானாம். அதை அவள் மறக்கவில்லை. முதுகில் விழுந்த ஓர் உருண்டைக்காக ஓர் அரசே கவிழ்கிறது. காரணம் தெரிந்த பிறகு கூனி மேல் நமக்கு இரக்கம் வருகிறதா? கொஞ்சம் வருகிறது. கோபம் போகிறதா? போகவில்லை. ஒரு சின்ன அவமானத்தை அத்தனை வருடம் ஊறப் போட்டு வைப்பது எப்படி என்று நமக்கே தெரியும் என்பதால் இன்னும் பதற்றமாக இருக்கிறது.

நீங்கள் விழுப்புரத்துக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போருக்கு, துரியோதனனை மண்ணால் மைதானம் கொள்ளாத அளவுக்குப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேடக்காரர் மண்தொடையைப் பிளப்பார். உள்ளே வைத்திருக்கும் சிவப்பு வெளியே வரும். அதை எடுத்துத் தடவித் திரௌபதி கூந்தலை முடிவாள். பெண்கள் குலவை போடுவார்கள். அப்புறம் அதே மைதானத்தில் செத்துக் கிடப்பவனுக்கு ஒப்பாரியும் உண்டு. யாரும் இதைக் குழப்பமாக நினைப்பதில்லை. இவன் சாக வேண்டியவன், இவனுக்கும் அழ ஆள் உண்டு. ஒரே ராத்திரியில் இரண்டையும் செய்யத் தெரிந்த ஊருக்கு, 'கிரே கேரக்டர்' என்று யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டாம்.

கே: நீலாம்பரியை வெறுக்க முயன்று தோற்றுவிட்டேன். – சென்னை

ப: அவளுடைய அம்மா வழியில் பிரச்சினை. 'பொன்னியின் செல்வன்' நந்தினியை மனதில் வைத்துத்தான் நீலாம்பரி வந்தாள் என்று ரஜினியே மேடையில் சொல்லியிருக்கிறார். 1950 முதல் கல்கி அந்தத் தொடரை எழுதியபோது நந்தினியை வெறுக்க முடியாமல் தோற்றவர்களின் பேத்திகள், 1999இல் நீலாம்பரியிடம் தோற்றார்கள். பரம்பரை வியாதி. மருந்து கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'படையப்பா'வில் மற்றவர்கள் எல்லோரும் பெண் எப்படி இருக்க வேண்டும் என்று பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்க, அவள் ஒருத்திதான் கேட்க மறுத்தாள். ரம்யா கிருஷ்ணன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்து, தியேட்டர் இருட்டில் எத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்களோ.

கே: அடியாட்கள் ஏன் ஒவ்வொருவராக வந்து அடி வாங்குகிறார்கள்? – திருப்பூர்

ப: டோக்கன் முறை. வங்கியில் நாம் காத்திருப்பதில்லையா?

கே: 'மாமன்ன'னில் வெறுக்க வேண்டிய ரத்தினவேலுவைக் கொண்டாடினார்களே! எழுத்து நன்றாக இருந்தது தப்பா, நடிப்பு நன்றாக இருந்தது தப்பா? – உதவி இயக்குநர், வடபழனி

ப: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

2023 ஜூன் கடைசியில் படம் வந்தது. பந்தயத்தில் தோற்ற தன் நாயைத் தானே அடித்துக் கொல்கிறவனாகத்தான் ரத்தினவேலுவை மாரி செல்வராஜ் அறிமுகப்படுத்துகிறார். தோற்பது என்றால் அவனுக்கு என்ன என்று அந்த ஒரு காட்சியே சொல்லிவிடும். தியேட்டரில் ஓடியவரை சரியாகத்தான் போயிற்று. படம் ஓடிடிக்கு வந்ததும் பகத் பாசிலின் காட்சிகளை மட்டும் வெட்டி, பின்னால் சாதிப் பெருமைப் பாட்டை ஒட்டி ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அதுவும் ஒரே சாதிக்காரர்கள் அல்ல. ஆளாளுக்குத் தங்கள் பாட்டை ஒட்டினார்கள். ஒரே ஆளுக்கு இத்தனை சாதிச் சான்றிதழ் எந்தத் தாலுகா ஆபீசிலும் கிடைத்திருக்காது.

எழுத்தில் குறை என்று நான் சொல்ல மாட்டேன். படத்தின் மேல் கால் பங்கு பழி போடலாம். பகத் பாசில் சும்மா நின்றாலே கேமரா அவரைச் சுற்றும். அவர் அமைதிக்கு இவ்வளவு மெருகு தேவையா என்று கேட்கலாம். மீதி முக்கால் பங்கு பார்த்தவர்களுடையது. வெகுளி சும்மா வராது. அடி வாங்குகிறவன் பக்கத்தில் போய் நிற்கிறவனுக்குத்தான் வரும். தன் முன்னால் நாற்காலியில் உட்கார ஒருவனுக்கு உரிமை உண்டா என்பதே அந்தப் படத்தின் சண்டை. உட்காரக் கூடாது என்று உள்ளூர நினைக்கிறவனிடம் போய் ரத்தினவேலுவைக் காட்டினால் அவனுக்கு வில்லன் எப்படித் தெரிவான்? அவன் திரையில் பார்த்தது தன் ஆளை.

நீங்கள் நாளைக்குப் படம் எடுக்கப் போகிறவர். பயந்து வில்லனை மொக்கையாக எழுதிவிடாதீர்கள். 'பரியேறும் பெருமா'ளில் (2018) வரும் அந்தப் பெரியவரைத் திரும்பப் பாருங்கள். கூலிக்காக அல்ல, குலசாமிக்குச் செய்யும் தொண்டு மாதிரி ஆணவக் கொலை செய்கிறவர். பேரனைக் கொஞ்சும் தாத்தாவின் முகம். அவருக்கு யாரும் ஸ்டேட்டஸ் வைத்து நான் பார்க்கவில்லை. ஒட்டுவதற்கு அவரிடம் ஸ்டைல் எதுவும் இல்லை.

கே: 'பிரேக்கிங் பேட்' தொடரில் போதைப்பொருள் காய்ச்சுகிற வால்டரை விட்டுவிட்டு, அவன் மனைவி ஸ்கைலரை ஏன் எல்லோரும் திட்டினார்கள்? – சிங்கப்பூர்

ப: கதை யார் தோளில் நம்மை ஏற்றிவிடுகிறதோ, அவன் போகிற வழிக்கு நாமும் வழக்காடுவோம். கூட்டாளியின் காதலி போதையில் மூச்சுத்திணறிச் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே சும்மா இருந்தவன் வால்டர். அதையும் தாங்கிக்கொண்டோம், ஏனென்றால் கதை நகர வேண்டுமே. 'இது தப்பு' என்று சொல்லும் ஸ்கைலர் நம் பொழுதுபோக்குக்குக் குறுக்கே வந்தாள். அந்த வெறுப்பு அவளாக நடித்த அன்னா கன் மேலேயே பாய்ந்து, 2013இல் நியூயார்க் டைம்ஸில் அவர் கட்டுரை எழுதும் அளவுக்குப் போயிற்று. பேர்தான் வில்லனை வெறுப்பது. பல சமயம் குறுக்கே நிற்கிறவரைத்தான் வெறுக்கிறோம். அவர் பெண்ணாகவும் இருந்துவிட்டால் கூடுதலாக.

நம் ஊரில் இந்தத் தோள் மாற்றும் வித்தையைத் துணிந்து செய்தது 'விருமாண்டி' (2004). முதலில் கொத்தாளத் தேவர் வாயால் கதை வருகிறது: விருமாண்டி கொலைகாரன். பிறகு விருமாண்டி வாயால் அதே கதை. பசுபதியின் அதே முகம். முன்பு நியாயஸ்தன் மாதிரித் தெரிந்தது, இப்போது பார்த்தால் குலை நடுங்குகிறது. நடிகர் மாறவில்லை, நம்மைத் தூக்கிய தோள்தான் மாறியிருந்தது.

கே: சீரியலில் வில்லி 900 எபிசோட் விஷம் வைத்துவிட்டு கடைசி எபிசோடில் காலில் விழுந்து திருந்திவிடுகிறாள். எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. – ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

ப: மாத்திரையை விடாமல் போடுங்கள், டீச்சர். உங்கள் கோபம் வில்லி மேல் இல்லை, உங்களிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தராத கதாசிரியர் மேல். வில்லனைத் தட்டிக் கேட்க ஆளில்லாமல் விட்டு வைத்து நம் கோபத்தை வளர்க்கிறார்கள். ஒருநாள் வட்டியோடு தருகிறோம் என்று சொல்லாமல் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். திருந்திவிட்டாள் என்று கைவிரித்தால் யாருக்குத்தான் ஏறாது?

பழைய ஆட்கள் கடனை ஒழுங்காகத் தீர்த்தார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' (1950) நினைவிருக்கும். குண்டலகேசிக் கதையிலிருந்து கருணாநிதி எடுத்து எழுதியது. கட்டிய மனைவியை மலையுச்சிக்கு நைச்சியமாக அழைத்துப் போகிறான் எஸ்.ஏ. நடராஜனின் பார்த்திபன். தள்ளத்தான் கூட்டி வந்திருக்கிறான் என்று அங்கே அவளுக்குத் தெரிகிறது. சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம் வந்து கும்பிட வேண்டும் என்கிறாள். அவனும் பெருமையாக நிற்கிறான். சுற்றுகிறாள், பின்னால் வருகிறாள், தள்ளிவிடுகிறாள். பதிபக்தியை வைத்தே பதியை முடித்த கணக்கு. மன்னிப்பு, கண்ணீர், குடும்பப் படம் எதுவும் கிடையாது.

கே: வில்லனாக நடித்து ஹீரோவானவர்கள் இருக்கிறார்களே, அவர்களை மட்டும் எப்படி மன்னித்தோம்? – புதுச்சேரி

ப: 'மூன்று முடிச்சு' (1976) படத்தில் படகிலிருந்து விழுந்த கமல் நீரில் மூழ்க, காப்பாற்றாமல் உட்கார்ந்திருந்த ரஜினியை மன்னித்தோமா என்ன? நம் பக்கம் இழுத்துக்கொண்டோம். எதிரணியில் நன்றாக ஆடுகிறவனை ஏலத்தில் எடுப்பது ஐபிஎல்லுக்கு முன்பே நமக்குத் தெரியும்.

கே: தமிழ்க் கதைகளிலேயே நீங்கள் அதிகம் வெறுக்கும் வில்லன் யார்? இராவணன், சகுனி என்று மழுப்பக் கூடாது. – மயிலாடுதுறை

ப: மழுப்பவில்லை. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன்.

அவனுக்கு ஒரு பெயர்கூட இல்லை. ஒரே ஒரு காதையில்தான் வேலை. மதுரைத் தெருவில் சட்டை போட்டுக்கொண்டு, கையில் கொறடு பிடித்து, பின்னால் நூறு கொல்லர்கள் வர நடந்து வருகிறான். ஊரில் மரியாதைப்பட்ட ஆள். அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருக்கிறான். அது வெளியே வருவதற்குள் வேறு ஒருவன் தலையில் கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து, ஒற்றைச் சிலம்போடு வந்து கோவலன் இவனிடமே விலை கேட்கிறான். இங்கேயே இருங்கள் என்று உட்கார வைத்துவிட்டு அரண்மனைக்கு ஓடுகிறான். கோவலன் மேல் அவனுக்குப் பகை கிடையாது. முன்பின் பார்த்ததுகூட இல்லை.

இளங்கோவின் கை எங்கே தெரிகிறது என்றால், அடுத்த இடத்தில். கொல்ல வந்த காவலர்கள் கோவலன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்குகிறார்கள். இவன் திருடன் மாதிரி இல்லையே என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் சிரித்து, களவு சாத்திரத்தைப் பிரித்துப் பாடம் எடுக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து என்று தொடங்கி திருடர்களுக்குத் துணையாகிற எட்டையும் வரிசையாக விளக்குகிறான். திருட்டுப் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு, திருடர்களை நம்பாதீர்கள் என்று அதிகாரிகளுக்கு வகுப்பெடுக்கும் அந்தக் குரலை இன்றைக்கும் தினமும் எங்காவது கேட்கிறேன். கடைசியில் குடிகாரக் காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

சிலம்பைத் திருடியவன் ஒருவன். கொற்கையில் இருந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் கண்ணகிக்காகப் பலி கொடுத்தது ஆயிரம் பொற்கொல்லர்களை.